கொட்டகையில் நின்ற ஜெனரேட்டர்

“…மலையிலயும் இல்ல, ஒரு மண்ணுலயும் இல்லீங்க. எங்க கொட்டாயிலதான் தார்ப்பாய் போத்திகினு நின்னுகினு இருந்துச்சி. எடுத்துகினு போயி மாட்டி, அவுரு மிஷினு பூட்ச்சின்னா நாளிக்கி யாருங்க பதில் சொல்றது?”

கள்ளக்குறிச்சியில் ஜெனரேட்டர் விற்கிற கடையில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தபடி என் தம்பி கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆக்ஸிஜன் மிஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று பார்த்துச் சொல்லும்படி வீட்டிலிருந்த மகளிடம் கேட்க, போனோடு வாசலுக்குப் போயிருந்தேன். அவள் சொன்ன எண்ணை மறந்துவிடக் கூடாதே என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தேன். தம்பியின் பேச்சு காதில் விழுந்ததும் எண் போன இடம் தெரியவில்லை.

மிஷின் என் வீட்டுக்காரருக்கு. நுரையீரல் சுருங்கிப்போகிற வியாதி. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் பெட்டி அது. கரண்ட் இருந்தால்தான் ஓடும். கட்டிலுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் முனகிக்கொண்டே கிடக்கும். அவர் அதற்கு ‘சின்ன வூடு’ என்று பேர் வைத்திருந்தார். “மூத்தவளாவது பேச்ச எப்பனா நிறுத்துவா, இவ நிறுத்தவே மாட்றாளே” என்பார். நான் முறைத்தால், “இவ நிறுத்துனா நானும் நின்னுடுவன், பரவால்லியா?” என்று சிரிப்பார்.

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்திலிருந்து உள்ளடங்கிய ஊர். அங்கே கரண்டைப் பற்றி எதிர் வீட்டுக்காரி சொல்வதுதான் சரி: “போயிடுச்சான்னு கேக்காத, வந்துச்சான்னு கேளு.” அதனால் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சின்னதாக ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிட வேண்டும் என்று பேச்சு வந்தது. பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். வளையலை வைத்தாவது வாங்கிவிடலாம் என்றிருந்தேன்.

தம்பி மைக் செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிறவன். சக்கரம் வைத்த பெரிய ஜெனரேட்டர் ஒன்று அவனிடம் உண்டு. எலவனாசூர்கோட்டைக் கல்யாணம் முதல் கல்வராயன் மலைக் காதுகுத்து வரை அது போகாத இடமில்லை. நான் வளையல் பேச்சை எடுத்ததும், பார்க்க வந்திருந்த அத்தனை சொந்தக்காரர் நடுவிலும் எழுந்து நின்றான்.

“யக்கா, நான் இருக்கச் சொல்ல நீ இன்னாத்துக்கு ஜெனரேட்டரு வாங்குற? கரண்டு பூட்ச்சின்னா ஒரு போன் போடு. மாமா மூச்சு எம் பொறுப்பு.”

நான் பேச்சுக்கு மயங்குகிறவள். யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொன்னால் அதை நாலு பேரிடம் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். ‘மாமா மூச்சு எம் பொறுப்பு’ என்பதை ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஊசி போடுகிற நர்ஸம்மாவிடம் சொன்னேன். “உங்களுக்கு இன்னாம்மா, தம்பி வெச்சிருக்கீங்க” என்றது அந்தப் பெண். அதையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். ஜெனரேட்டர் வாங்கும் பேச்சு அதோடு போனது.

அதற்குப் பிறகு வந்த கரண்ட் வெட்டெல்லாம் சின்ன வெட்டு. வீட்டு இன்வெர்ட்டரே சமாளித்தது. தம்பிக்குப் போன் போட வேண்டிய நாள் வரவேயில்லை.

போன மழைக்குப் புயல் வந்தது. விடிந்து பார்த்தால் தெருக்கோடியில் கம்பம் சாய்ந்து, கம்பி கரும்புக்குள் கிடந்தது. இன்றைக்குக் கரண்ட் வராது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தம்பிக்குப் போன் போட்டேன்.

“யக்கா, ஜெனரேட்டரு செட்டு மலையில ஒரு காதுகுத்துக்குப் போயிருக்குதுக்கா. ரோட்டுல மரம் சாஞ்சி வண்டி எறங்க முடியல. நான் போய்க்கினே இருக்கன். எப்பிடினா கொண்டாந்துடறன்.”

“பாத்துப் போடா, மழைல வழுக்கும்” என்றேன்.

பேட்டரி தீர்ந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினோம். அதன் முள் இறங்குவதைப் பார்ப்பதும், தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடுவதுமாக இருந்தேன். யாரோ முகம் தெரியாதவன் மலை ரோட்டில் கிடக்கும் மரத்தை வெட்ட வேண்டும் என்று சாமியை வேண்டினேன். மத்தியானத்துக்குள் அவருடைய உதடு நாவற்பழம் தின்றது போலாகிவிட்டது. எதிர் வீட்டுக்காரியின் மகன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்தான். கட்டிலோடு தூக்கி ஏற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவர் என் கையை இழுத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

“பையன… மல ஏற வேணாம்னு… சொல்லு.”

அவருக்கு மூச்சில்லாத நேரத்தில், இருந்த மூச்சை அதற்குத்தான் செலவு செய்தார்.

மறுநாள் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் பன்னும் பிளாஸ்க்கில் டீயும். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாமா காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். “ரம்பம் கெடைக்கல மாமா, ஆளு கெடைக்கல” என்றான். அவன் தலை ஈரமாக இருந்தது. மலையில் நனைந்த ஈரம் என்று என் முந்தானையால் துவட்டிவிட்டேன்.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் பழைய ஆளாக வரவில்லை. முன்பெல்லாம் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுக் கொல்லை வரை நடந்து மாட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு வருவார். இப்போது குழாயை எடுத்தால் நாலு வார்த்தை பேச முடியாது. இனி மிஷின் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வளையலை வைத்தேன். கடைக்குக் கிளம்பினேன். “நானும் வர்றன்க்கா, இதுல பல தினுசு இருக்குது, உன்ன ஏமாத்திடுவானுங்க” என்று தம்பியும் வண்டியை எடுத்தான்.

கடைக்காரர் ஆரம்பத்திலேயே சொன்னார், சாதாரண ஜெனரேட்டரில் கரண்ட் ஒரே சீராக வராது, மேலும் கீழும் ஆடும், பல்பும் மைக் செட்டும் அதைத் தாங்கும், ஆக்ஸிஜன் மிஷினுக்குள் இருக்கிற போர்டு தாங்காது, அதற்கு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்தான் வேண்டும் என்று. அந்த நேரத்தில்தான் வாட் கேட்க நான் வெளியே போனேன். தொழில் தெரிந்தவரிடம் தனக்கும் தொழில் தெரியும் என்று காட்ட வேண்டாமா தம்பிக்கு? நான் திரும்பி வந்தபோது அந்தப் பேச்சு புயல் வரைக்கும் போயிருந்தது.

அவன் இன்னும் என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரர், “தெரியும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்? அவங்க அப்பவே இத வாங்கியிருப்பாங்களே” என்றார்.

“எப்பிடிங்க சொல்றது? மிஷினு வந்து கொஞ்ச நாளு கழிச்சிதான் ஒரு மெக்கானிக்கு சொன்னாரு, நம்ம செட்டு ஆவாதுன்னு. அதுக்குள்ள எங்கக்கா ஊரெல்லாம் தண்டோரா போட்ச்சி, தம்பி பாத்துக்குவான், தம்பி பாத்துக்குவான்னு. அப்புறம் போயி நம்மால ஆவாதுன்னா, மூஞ்சிய எங்கங்க வெச்சிக்கிறது?”

தண்டோரா போட்டது நான்தான். ஆனால் அதில் ஒரு வார்த்தைகூட என் சொந்தச் சரக்கில்லை. அவன் சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு நாள் சாயங்காலம் வந்து, ‘யக்கா, என் செட்டு ஆவாது, நீ வேற வாங்கிக்கோ’ என்று சொல்லியிருந்தால், ‘பரவால்லடா, சாப்ட்டுட்டுப் போ’ என்றுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. புயல் அன்றைக்கு மலையையும் மரத்தையும் காதுகுத்தையும் சொல்ல வாய் வந்தது.

கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்துத் தம்பியும் திரும்பினான்.

“வாட் எவ்ளோன்னு கேட்டீங்களாம்மா?” என்றார் கடைக்காரர்.

“மறந்துட்டங்க” என்றேன்.

“பரவால்லம்மா, அந்த மாதிரி மிஷினுக்கு இது தாராளம்.” சூட்கேஸ் போல் கைப்பிடி வைத்த சிவப்பு ஜெனரேட்டர் ஒன்றைக் கடை வாசலுக்குத் தூக்கி வந்தார். வீட்டுக்குள் வைத்து ஓட்டவே கூடாது, புகை ஆகாது, அதுவும் அவருக்கு ஆகவே ஆகாது, வெளியே தகரக் கொட்டாய்க்குக் கீழே வைத்து நீளமாக ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, “நீங்களே ஒரு வாட்டி இழுத்துப் பாருங்கம்மா. வூட்ல நீங்கதான இருப்பீங்க” என்றார்.

நான் முந்தானையைச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன்.

“உன்னால முடியாதுக்கா, வுடு, நான் இருக்…” என்று கை நீட்டிய தம்பி பாதியில் நிறுத்திக்கொண்டான்.

முதல் தடவை செருமியது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டு ஓடியது. “பாருங்க, சத்தமே இல்ல, பக்கத்துல நின்னு கத பேசலாம்” என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் நாசூக்காக உள்ளே போய்த் தன் மேசையில் உட்கார்ந்துகொண்டார்.

நானும் தம்பியும் நடுவில் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு நின்றோம். நான் குரலை உயர்த்தவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில்தான் கேட்டேன்.

“அன்னிக்கி மாமாக்கு ஒதடு நீலமானப்ப, நீ எங்கடா இருந்த?”

உள்ளே மேசையில் இருந்த கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். தம்பி ஓடுகிற ஜெனரேட்டரை விரலால் காட்டினான். ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டான். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்பது போல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.