ஒன்பதாவதாக வந்த தாட்சாயினி

வங்கிக்குள் நுழைந்ததும் தாட்சாயினி வரிசையில் நிற்பதற்கு முன்னால் ஆட்களை எண்ணுகிறார். கண்ணாடிக்குப் பின்னால் ஆறு பேர். அதில் ஆபிரிக்கப் பெண் ஒருத்தி, அரபுப் பெயர்ப்பட்டை குத்திய பையன் ஒருவன், நம்மவர் எவருமில்லை. வாசல் காவலாளியும் தரை துடைப்பவரும் தனிக் கணக்கு. நகரசபை, பல் வைத்தியரின் காத்திருப்பு அறை, தொலைக்காட்சிச் செய்தி, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"நிறம் பாத்து ஆக்களை எண்ணிப் பதியக்கூடாதெண்டு இஞ்சை சட்டம்," என்பார். "நான் எங்கை பதிஞ்சனான்? கண்தானே எண்ணுது."

வயது நாற்பத்தாறு. வீடு பிரெஞ்சுத் தலைநகருக்கு வெளியே, கூசேன்வில்லில். காலை ஐந்தேகால் ரயிலைப் பிடித்து வந்து, கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பெரிய ஹோட்டலில் பதினான்கு வருடமாக அறைகளைத் துப்புரவு செய்கிறார். ஓர் அறைக்கு இருபத்திரண்டு நிமிடம். தலையணையைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உறை போடுவார். அந்த நிலையிலும் பேச்சு நிற்காது. ஒரு வசனம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். வேலை முடிந்ததும், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேநீர்க்கடை. அங்கே அவர் உட்கார்ந்து எவரும் பார்த்ததில்லை. "இருந்தால் எனக்குக் கதை வராது," என்று நின்றபடியே குடிப்பார். மூன்று வருடத்துக்கு முன் சக ஊழியர்கள் வாக்குப் போட்டு அவரைத் தொழிலாளர் பிரதிநிதி ஆக்கினார்கள். அன்றிலிருந்து நிர்வாகத்துக்கும் நிம்மதி இல்லை.

அவர் விடாமல் கேட்டது ஒன்றுதான்: சமையல் நடக்கும் குசினியிலிருந்தும் துப்புரவிலிருந்தும் ஒருவர்கூட ஏன் வரவேற்பு மேசைக்கு வந்ததில்லை? இந்த வருடம் மாசி மாதத்தில் பதில் வந்தது. அந்த ரெசெப்சியோன் மேசைக்குப் புதிதாக எட்டுப் பேரை எடுக்கப்போகிறார்கள். அதில் மூன்று இடம் உள்ளே வேலை செய்பவர்களுக்கு ஒதுக்கப்படும். கடிதத்தில் இனம், நிறம் என்ற சொற்கள் எங்குமில்லை. அவற்றை எழுத முடியாது. ஆனால் உள்ளே வேலை செய்பவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தேநீர்க்கடைக்கு ஓடியே வந்தார். மூச்சிரைக்க வாசித்து முடித்தபோது முதலில் முகம் சுளித்தவர், எல்லோரையும்விட மகிழ்வார் என்று அவர் எதிர்பார்த்திருந்த ஆள்தான். இராஜதுரை, அதே ஹோட்டலில் பதினேழு வருடமாகக் காலையுணவு சமைப்பவர். ஐந்து வருடம் ஜெர்மனியில் இருந்ததால் ஜெர்மன், அதோடு ஆங்கிலம், பிரெஞ்சு, சிங்களம் எல்லாம் பேசுவார்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை," என்றார் இராஜதுரை. "எங்கடை மூத்தண்ணை டொக்டராகாமல் போனதே கோட்டாவாலைதான். யாழ்ப்பாணத்திலை பிறந்த குற்றத்துக்கு மற்ற ஊர்ப் பிள்ளையளைவிடக் கூடப் புள்ளி கேட்டாங்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இப்ப நானே அதுக்குள்ளாலை போறதோ?"

பக்கத்து மேசையில் ழான்-லூக் இருந்தார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பத்திரிகையை மடித்தார்.

"அவர் சொல்றது சரிதாம்மா. இந்தப் பிரெஞ்சு ரெபுப்ளிக்ல நிறம் கிடையாது. கொன்கூர் பரீட்சை எழுது, பாஸ் பண்ணு, உள்ள வா. தாளைத் திருத்துறவனுக்கு உன் பேரே தெரியாது. நான் அப்படித்தான் வந்தேன்."

தாட்சாயினி கோப்பையை வைத்தார். அவர் குரல் மெதுவானால் கோபம் என்று அர்த்தம்.

"அண்ணை, எங்கடை குசினியிலை எத்தினை பேர்? பத்தொன்பது. தமிழ் ஆக்கள் எத்தினை? பதினேழு. அது என்ன கோட்டா, ஆர் போட்டது? கோப்பை கழுவிறதுக்குப் போட்டால் ஒருத்தருக்கும் வயிறு எரியேல்லை. மேசைக்கு மூண்டு பேர் எண்டதும் எரியுதோ?"

இராஜதுரை தேநீரில் இன்னொரு கரண்டி சீனி போட்டுக் கலக்கினார்.

பிறகு தாட்சாயினி ழான்-லூக் பக்கம் திரும்பினார். "முசியே, உங்கடை கொன்கூரும் எனக்குப் பிடிச்சிருக்கு. கோட்டா, கொன்கூர் இரண்டையும் கேப்பம்."

கேட்டார். இரண்டு கிழமை கேட்டார். கடைசியில் ஆளணிப் பொறுப்பாளர் ஆரெலி சம்மதித்தாள்: உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியாட்களுக்கும் ஒரே சோதனை, தாள்களில் பெயருக்குப் பதிலாக இலக்கம், பேச்சுச் சோதனை தொலைபேசியில், லியோனில் இருந்து ஒருவர் குரலை மட்டும் கேட்டுப் புள்ளி போடுவார். தேநீர்க்கடையில் ழான்-லூக் அன்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். இராஜதுரை விண்ணப்பப் படிவத்தை வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். தாட்சாயினியும் ஒன்று எழுதிப் போட்டார்.

முடிவு வந்தது ஒரு வியாழன் மதியம். ஊழியர் சாப்பாட்டு அறைச் சுவரில் தாளை ஒட்டியதும் அத்தனை பேரும் மொய்த்தார்கள். தாட்சாயினி மஞ்சள் ரப்பர் கையுறையோடு மூன்றாம் மாடியிலிருந்து ஓடி வந்தார். இரண்டாவது இடம் குசினி. மூன்றாவது துப்புரவு. ஐந்தாவது மறுபடி குசினி. ஏழாவது இராஜதுரை. ஒன்பதாவது அவரேதான், ஒரு புள்ளியில் இடம் போயிருந்தது. அதை நினைத்து வருந்த அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஏழாவது பெயருக்கு எதிரே "காத்திருப்போர் பட்டியல்" என்று எழுதியிருந்தது. பத்தாவதாக வந்த வெளியாளுக்கு எதிரே "தெரிவு".

தாளைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு படியேறினார். அவருக்குப் பின்னால் பாதிக் குசினி ஏறியது.

"ஒப்பந்தப்படி உள்ளிருந்து மூன்று பேர்," என்று ஆரெலி பிரெஞ்சில் விளக்கினாள். "மூன்று பேர் வந்துவிட்டார்கள். நான்காமவருக்கு இடமில்லை."

"மதாம், மூன்று பேருக்குக் குறையக்கூடாது என்றுதானே கேட்டோம்? அது தரை. நீங்கள் அதைத் தூக்கிக் கூரையாக மாட்டியிருக்கிறீர்கள். ஏழாவதாக வந்தவரை வெளியில் விட்டுப் பத்தாவது ஆளை எடுக்க எந்தச் சட்டம் சொல்கிறது?"

ஆரெலி தாளை வாங்கி மறுபடி வாசித்தாள். அவள் காதுமடல் சிவந்தது. "ஒரு நிமிடம்," என்று இயக்குநருக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்த ஒரு நிமிடம் நாற்பது நிமிடம் ஆனது. கதவுக்கு வெளியே தாட்சாயினியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கையுறையைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

கதவு திறந்தது. "அவர் திங்கட்கிழமை தொடங்கலாம்," என்றாள் ஆரெலி. பிறகு தயங்கிக் கேட்டாள்: "ஒன்பதாவது நீங்கள். உங்களுக்காக ஒன்றும் கேட்கவில்லையே?"

"எட்டு இடம்தானே, மதாம்."

இராஜதுரை படிக்கட்டில் நின்றார், வெங்காய வாசனையோடு. செய்தியைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "புள்ளியிலையோ, கோட்டாவிலையோ?"

"புள்ளியிலை, அண்ணை. ஆனால் கோட்டா வராட்டி அந்தச் சோதினைக்கு உங்களை ஆர் கூப்பிட்டிருப்பினம்?"

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே ஏப்ரனால் முகத்தைத் துடைத்தார். மூத்தண்ணைக்குக் கனடாவுக்கு அழைக்க வேண்டும் என்று கைப்பேசியைத் தேடினார்; அது சட்டைப்பையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை. ஊழியர்கள் எல்லோரும் பின்தெருக் கதவால்தான் உள்ளே போவார்கள். தாட்சாயினி அன்று அந்தத் தெருவுக்குத் திரும்பவில்லை. நேரே முன்வாசலுக்கு வந்து கண்ணாடிச் சுழல்கதவைத் தள்ளினார். உள்ளே, மேசைக்குப் பின்னால், கறுப்புக் கோட்டுப் போட்ட இராஜதுரை ஒரு ஜெர்மன் தம்பதிக்கு வரைபடத்தில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். தாட்சாயினி உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கதவோடு சுற்றி மறுபடி தெருவுக்கே வந்தார். வெளியே ஒரு பயணி பெட்டியோடு காத்து நின்றார். அவருக்கு ஒரு தலையசைப்பு. பிறகு அந்தக் கறுப்புக் கோட்டை மறுபடி பார்க்க, இரண்டு கையாலும் கதவை இன்னொரு சுற்றுத் தள்ளினார்.