இடது காதில் மிஞ்சியது

தொண்ணூறுகளில், லண்டனில், என் வலது காதுக்குள் ஒரு மெல்லிய கம்பியை வைத்துத் தைத்தார்கள். காய்ச்சலொன்றில் கேட்கும் சக்தி போய், இரண்டு காதிலும் கொஞ்சம் மட்டும் மிஞ்சியிருந்தது. கம்பி உட்செவியில் நத்தைக் கூடுபோல் சுருண்ட பகுதிக்குள் போகும்போது அந்தக் காதில் மிஞ்சிய கொஞ்சமும் அழிந்துபோகலாம், பிறகு திரும்பாது என்று டாக்டர் முதலிலேயே எழுதிக் காட்டியிருந்தார். அப்படியே போனது. பதிலுக்கு இடுப்பில் ஒரு பெட்டி, அதிலிருந்து காது வரை ஒரு வயர்.

பெட்டியைப் போட்டால் சொற்கள் விளங்கின. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே விளங்கின. ஆனால் டாக்டர், பஸ் டிரைவர், டிவியில் செய்தி வாசிப்பவர் எல்லோருக்கும் ஒரே தகரக் குரல். கழற்றினால் அந்தப் பக்கம் வெறும் சுவர்.

லண்டனின் தோர்ண்டன் ஹீத் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஊர்ச் சனம் தேத்தண்ணி ஃபிளாஸ்க்கோடு வந்தது, என்னைப் பார்க்க அல்ல, சோதிக்க. முதுகுக்குப் பின்னால் நின்று, "அக்கா, கேக்குதோ?" என்பார்கள். "ஓம், கேக்குது" என்றால் கைதட்டல். 'செவிடன் காதில் ஊதின சங்கு' என்று என் முன்னாலேயே சொல்லிச் சிரித்தவர்கள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எனக்காகக் கோயிலில் தேங்காய் உடைத்தவர்களிடம் எந்த வாயால் குறை சொல்வது?

என் கணவரிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம். ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிக் கத்தியே தொண்டை கெட்டவர் அவர். இப்போது ஒருதரம் சொன்னால் போதும் என்ற சந்தோசத்தில் வெங்காயம் உரித்தபடியும் கதைத்தார். அவர் பார்க்காத நேரம் நான் பெட்டியை நிறுத்திவிட்டு இடது காதைத் திருப்புவேன். சொற்கள் விளங்காது. கலியாணமான புதிதில் கேட்ட அதே அடிக்குரல் மட்டும் கேட்கும். எனக்கு அது வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு, சாப்பாட்டில் இருந்தபோது சொன்னார்: "அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகேக்க, மற்றக் காதுக்கும் செய்யச் சொல்லிக் கேப்பம்."

"ஏலாது," என்றேன்.

"ஏனப்பா? உமக்கு இப்ப நல்லாத்தானே கேக்குது?"

"இடது காதாலதான் உங்கட குரல் உங்கட குரலாக் கேக்குது. அதையும் அழிக்க விடமாட்டன்."

"அப்ப வலது காதால?"

இதற்கும் ஓம் போட்டுத் தப்ப முடியவில்லை. "எல்லாரையும் போலத்தான், தகரக் குரல்," என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்தார். அதன் பிறகு என்னைக் கூப்பிட வேண்டியிருந்தால், குரல் கொடுக்காமல் வந்து தோளில் தட்டினார்.