முதல் வண்டியின் நம்பர்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில், சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடை ஒன்றில்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் கடைசி. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு செட்டிகுளத்து வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். லாரி மேடையில் ஏறியதும் நம்பரை அடிக்க வேண்டும். அந்த வண்டி முதன்முதலாக வந்த அன்று பதிந்த காலி எடையைக் கம்ப்யூட்டர் தேடி எடுக்கும். அதைக் கழித்தால் கல்லின் எடை. சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் வண்டி நகரும்.

கம்ப்யூட்டர் 486 என்கிற பழைய ரகம். பல வருஷத்துச் சீட்டுகள் ஒரே ஃபைலில் கிடந்தன. எந்த வண்டியைக் கேட்டாலும் முதல் வரியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்கும். ஹார்ட் டிஸ்க் கம்பு அரைக்கிற மாதிரி கரகரக்கும். டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டுவார்கள்.

"என்ன தம்பி, பொட்டி இன்னும் முழிக்கலயா?"

எனக்கு மானம் போகும். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அதுபோல வண்டி நம்பர்களுக்கு ஓர் இன்டெக்ஸ் கட்டினேன். கட்டியதோடு விடவில்லை, அளந்தேன். வண்டி நம்பர்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி, கையில் வந்ததைத் தேடச் சொன்னேன். ஒருமுறை படித்ததை மெமரியில் வைத்துக்கொண்டு மறுமுறை பொய் வேகம் காட்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் மெஷினை அணைத்துப் போட்டேன். பழைய முறையில் ஒரு பீடி கரைகிற நேரம். என் முறையில் தீக்குச்சி உரசுகிற நேரம். அன்று மத்தியானம் எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதலாளியோ அதற்குள் திருச்சியில் பென்டியம் என்கிற புது ரகக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு விலை பேசிவிட்டிருந்தார். மெஷினோடு புரோகிராமும், அதை ஓட்ட ஆளும் வரும். என் பழைய மெஷினே இப்போது வேகமாக ஓடுகிறது என்று நான் போய் நின்றேன்.

"சரிடா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். உன் பொட்டி முந்துனா அதுவே இருக்கட்டும், நீயும் இரு. இல்லாட்டி அவங்க ஆளு வந்துருவான்."

இதைவிட நியாயம் வேண்டுமா? திருச்சிக்காரர் மெஷினைக் கொண்டுவந்து இறக்கி, எங்கள் ஃபைலை ஏற்றியதும் ஓட்டிப் பார்த்தேன். அவர்கள் புரோகிராமில் இன்டெக்ஸே கிடையாது. அதுவும் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படிக்கிற ஜாதிதான். ஃபைலின் அடியில் கிடக்கும் ஒரு வண்டியைக் கேட்டால் போதும், திணறிவிடும். டப்பாவைத் துடைத்துத் தயாராக வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. புது மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். கீபோர்டு பக்கத்தில் எலுமிச்சம்பழம். என் 486 ஓரத்தில் பொட்டில்லாமல் நின்றது. சூடம் காட்டி முடித்ததும் நான் டப்பாவை நீட்டினேன்.

"அது எதுக்குடா?" என்றார் முதலாளி. "நம்ம வண்டி நம்பர அடி."

எடைமேடை திறந்த அன்று முதலில் ஏறியது அவருடைய சொந்த லாரி. பிரிண்டருக்குப் புது ரிப்பன் மாட்டினாலும், புதுச் சீட்டுக்கட்டு பிரித்தாலும் அந்த நம்பரை அடித்துத்தான் தொடங்குவோம். ராசி. ஃபைலின் முதல் வரியும் அதுதான். மேலிருந்து படிக்கிறவனுக்கு வாசலிலேயே கிடக்கிற வண்டி! சோதனைக்கும் அதையே கேட்பார் என்று யார் கண்டது?

பென்டியத்தில் விரலை எடுப்பதற்குள் வந்தது. என்னுடையது இன்டெக்ஸைத் திறந்து, ஒருமுறை கரகரத்து, அப்புறம் காட்டியது. ஒரு மூச்சுதான் வித்தியாசம்.

"வேற நம்பர் கேளுங்க முதலாளி. புதுசா சேந்த வண்டி ஏதாச்சும் கேளுங்க."

திருச்சிக்காரர் சிரித்தார். "ஏன் தம்பி, முதலாளி வண்டியவிடப் பெரிய வண்டி இந்த ரோட்டுல எது?"

"அது முதல் வரியில இருக்குங்க, அதான் உடனே..."

"நல்ல நாளும் அதுவுமா, அடுத்தவன் வண்டி நம்பர என் மிஷின்ல அடிக்கச் சொல்றியா?" முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. "தோத்தவன் பேசக் கூடாது. அதுவும் இது கலர்ல வருதுடா."

எலுமிச்சம்பழத்தை எடுத்து மானிட்டர் மேல் வைத்தார். முடிந்தது. என் டப்பாவை யாரோ வெற்றிலைபாக்கு வைக்க எடுத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் டிரைவர்கள் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தது. பொறுக்காமல் போனேன். இன்டெக்ஸ் போட்டுத் தருகிறேன், சும்மாவே போட்டுத் தருகிறேன் என்றேன்.

"நீ அடிச்சு ரொப்பிவச்ச டேட்டாதான் பாரமா இருக்காம். திருச்சி சார் சொன்னாரு" என்றார். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

உடையார்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள். அதற்குப் புறப்பட்ட அன்று பஸ் எடைமேடைக்கு முன்னால் நின்றுவிட்டது. லாரிகள் ரோடுவரை வால்விட்டு நின்றன. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கம்ப்யூட்டர் புதுசா மாத்துனாங்கல்ல, அதான் இழுக்குது."

"பழசு நல்லாத்தான ஓடுச்சு?" என்றார் முன்சீட்டுக்காரர்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு முதலாளியின் லாரி வந்தது. வரிசையில் நிற்குமா அது? நேராக மேடையில் ஏறியது. முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஜன்னலில் என்னைக் கண்டதும் மோவாயை நிமிர்த்தி, பார்த்தாயா என்பதுபோல மேடைப் பக்கம் காட்டினார்.

பழக்கதோஷம், வாட்சைப் பார்த்தேன். தீக்குச்சி உரசுகிற நேரம்கூட ஆகவில்லை, சீட்டு வெளியே வந்துவிட்டது.