மேல்வீட்டுக்குக் கேட்ட சிசிலி நாடகம்

கல்யாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வருவதற்கு முன் நான் சில வருடங்கள் சிசிலித் தீவின் பலெர்மோவில் இருந்தேன். அங்கே ஒரு வீட்டில் சமையலும் துப்புரவும் என் வேலை. அப்போது காதால் பிடித்த இத்தாலிய மொழி சந்தைக்கும் அடுப்படிக்கும் போதுமாக இருந்தது. ஒரு பக்கம் சேர்ந்தாற்போல வாசிக்க வராது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், ஒஸ்லோவில் பின்னேர வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். நூறு வருடத்துக்கு முந்திய இத்தாலிய இலக்கியமும் நாடகமும் என்று அறிவித்திருந்தார்கள். நான் 'இத்தாலிய' என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பெயர் கொடுத்தவள்.

படிப்பித்தவர் மிலானோப் பக்கத்துப் பெண். அந்தக் காலத்து எழுத்து இரண்டு விதம் என்றார். ஒன்றில் பளிங்கு மாளிகை, பட்டு, இரத்தம், நீண்டு நீண்டு போகும் வசனம். வாசிக்கும்போது எனக்கு எங்கள் பழைய மேடைகளின் அடுக்குமொழி ஞாபகம் வந்தது. மற்றதில் மீன்பிடிக்கிறவர்கள், கந்தகச் சுரங்கத்தில் கிண்டுகிறவர்கள், அவர்கள் வீட்டுச் சண்டைகள். நோர்வே நாடகங்கள் அப்போது இத்தாலி மேடைகளிலும் நடந்தனவாம். வீட்டுக்குள் கதைக்கிற கதையே நாடகம் ஆகலாம் என்று அங்குள்ளவர்களுக்குத் துணிவு வந்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்றார். எனக்கு இரண்டாவது வகைதான் பிடித்தது. வேலைக்குப் போகும்போது ரயிலில் அகராதியும் கையுமாக இருந்து வாசித்தேன்.

தவணை முடிவில் நாங்கள் ஓரங்க நாடகம் ஒன்று போட வேண்டும். சிசிலிக் கிராமம். அமெரிக்காவுக்கு உழைக்கப் போன கணவன் பல வருடம் கழித்துப் புதுக் கோட்டோடு திரும்பி வந்து, வந்த நாளிலேயே வீட்டை அதிகாரம் பண்ணுகிறான். மனைவி அவனை வெளியே போகச் சொல்கிறாள். மனைவியின் பாகம் எனக்குக் கிடைத்தது. கணவனாக வந்தவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு நோர்வேஜியர். மிகவும் அமைதியான மனிதர்.

ஒத்திகையில் எனக்குக் கோபம் வரவில்லை. இத்தாலியனில் நான் பலெர்மோ வீட்டு அம்மாவிடம் பணிந்து பேசித்தான் பழக்கம்.

"முதலில் உங்கள் மொழியில் சண்டை போட்டுப் பாருங்கள்," என்றார் ஆசிரியை.

அந்தக் காட்சியை யாழ்ப்பாணப் பேச்சில் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஒஸ்லோவின் ஓரத்து மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குசினியில் அடுப்போரம் நின்று என் கணவர் மற்றப் பாகத்தை வாசித்தார். அவர் பஸ் ஓட்டுபவர். "நான் கடல் கடந்து கல்லுடைச்சது ஆருக்காக" என்ற வரியை அடுத்த தரிப்பிடம் சொல்வதுபோலத் தணிந்த குரலில் வாசிப்பார். நான்தான் கத்தினேன்.

"நீங்கள் இல்லாமலே இந்த வீடு இவ்வளவு காலமும் நடந்தது. இனியும் நடக்கும். வந்த வழியாலை போங்கோ."

இரண்டாவது சனிக்கிழமை மேல்வீட்டுத் தமிழ் அக்கா கதவைத் தட்டினார். கையில் கத்தரிக்காய்க் குழம்பு.

"கூடச் சமைச்சிட்டன், பிள்ளை," என்றவர் என்னையும் பார்த்தார், என் கணவரையும் பார்த்தார். நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றோம். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்த என் கணவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"நீர் மேலை ஏதும் சொன்னனீரோ? அக்காவின்ரை மனுசன், மேல்வீட்டு அண்ணை, என்னை ஸ்டேசனிலை மறிச்சு, 'தம்பி, படுக்க இடமில்லையெண்டால் எங்கடை சோபா கிடக்கு' எண்டுறார்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன், சிரிப்புத் தாங்காமல். பிறகு எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அக்கா தாளை முழுக்க வாசித்தார்.

"அப்ப இது நாடகமோ," என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டார். உடனே, "முடிவிலை அவன் போறானோ?" என்று கேட்டார்.

"பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படியிலை இருக்கிறான், அக்கா. அதோடை திரை."

"அவள் உள்ளுக்கு எடுத்தவளோ?"

"அது எழுதேல்லை."

"எழுதினவருக்கே தெரியேல்லைப் போல."

நாடகத்துக்கு என் கணவரோடு அக்காவும் அண்ணையும் வந்தார்கள். மேடை என்று ஒன்றுமில்லை. வகுப்பறை மேசைகளை ஒதுக்கியிருந்தோம். அக்கா சேலையும் குளிர்க்கோட்டுமாக முன்வரிசையில் இருந்தார். கணவனைப் போகச் சொல்லும் வரி வந்தபோது கோபம் தானாக வந்தது. இத்தாலியனில்தான் சொன்னேன், ஆனால் குரல் குசினிக் குரல். ஓய்வுபெற்ற மனிதர் உண்மையாகவே பயந்து தன் வசனத்தை மறந்துபோனார். நான் மெல்ல எடுத்துக் கொடுத்தேன். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் மனைவி இப்படி ஒருநாளும் பேசியதில்லை என்றார். ஆசிரியை என்னைக் கட்டிப்பிடித்தார்.

திரும்பி வரும் ரயிலில் நாலு பேரும் எதிரெதிரே இருந்தோம். அக்காவுக்கு இத்தாலியனில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவர்தான் கதைத்துக்கொண்டு வந்தார்.

"இவர் என்னை ஊரிலை விட்டிட்டு இஞ்சை முதல் வந்தவர். கைப்பிள்ளையோடை நான் அஞ்சாறு வருசம் தனிய. காணி பாத்தன். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து வீட்டுக்கு ஓடு போட்டன். இஞ்சை வந்த முதல் கிழமை இவர் எனக்குக் கறிக்கு எவ்வளவு உப்புப் போடுறதெண்டு சொல்லித் தந்தவர்."

அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அண்டைக்கு நானும் இவரைப் போகச் சொல்லியிருப்பன்."

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டது அண்ணைதான்.

"வாயெடுக்கேக்கை உங்கடை கையைக் கண்டன். நோர்வே வடக்கிலை மீன் வெட்டி விரலெல்லாம் வெடிச்சுக் கிடந்தது."

அண்ணை கையுறையைக் கழற்றினார், பிறகு போட்டுக்கொண்டார். கடைசித் தரிப்பிடம் என்பதால் எல்லோரும் ஆறுதலாக, அவசரமில்லாமல் இறங்கினோம். வெளியே பனி இறுகிக் கிடந்தது. அக்கா விழுந்துவிடாமல் அவர் முழங்கையைப் பிடித்தபடி நடந்தார் அண்ணை.

அடுத்த தவணையில் ஒரு நாவல் எடுத்தோம். அதே காலத்து எழுத்து, ஒரு பெண் எழுதியது. தான் வாசிக்கப் போவதில்லை, கதையை மட்டும் வந்து சொல்லும்படி அக்கா கேட்டார். அந்த மாரிக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் மேல்வீட்டில்தான் எனக்குத் தேத்தண்ணி. நான் பாதி சொல்லும்போதே அக்கா மீதியைத் தானாகச் சொல்லத் தொடங்கிவிடுவார். அது புத்தகத்தில் இருக்கவே இருக்காது. ஆனாலும் நான் இடையில் மறிப்பதில்லை.