பலகையில் ஏறிய பி.காம்.

ரங்கநாதன் தெருவில் தலைச்சுமையாக எவர்சில்வர் விற்று, அதே தெருவில் சொந்தப் பாத்திரக்கடை போட்டவர் அய்யாதுரை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவர். அவரைப்போல இன்னும் நாலு பேர் இருந்திருந்தால் இந்த ஊரில் காலேஜ்களையெல்லாம் இழுத்து மூடியிருப்பார்கள். ஆனாலும் அவருக்கு ஒரு எரிச்சல். எதிர்க்கடைப் பஞ்சாட்சரத்தின் மருமகன் பட்டதாரி. வருகிற கிராக்கியிடமெல்லாம் அதைச் சொல்லாமல் பஞ்சாட்சரம் தராசைத் தொடமாட்டான்.

1971-ல் மூத்த மகன் கனகராஜ் மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தான். சேர்ந்த வாரமே அய்யாதுரை, போர்டு எழுதுகிற கபாலியைக் கூப்பிட்டு, கடைப் பலகையில் 'அ. கனகராஜ், பி.காம்.' என்று கொட்டை எழுத்தில் எழுதவைத்தார். ஆர்டர் கொடுத்த சரக்கு வராமலா போகும்?

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கிவந்த கல்லூரிப் பையன்கள் அதைப் பார்த்துத் தொலைத்தார்கள். மறுநாளிலிருந்து வகுப்பில் கனகராஜுக்குப் பேரே பி.காம். அவன் பதில் தெரியாமல் நின்றால் வாத்தியார் ராமானுஜம் விடமாட்டார்.

"நீர்தான் அப்பவே பாஸ் பண்ணிட்டீரே ஓய். இங்க எதுக்கு வரீர்?"

சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கேலி செய்கிற பிழைப்பு. படித்த கூட்டத்துக்கு வேறென்ன வரும்?

இரண்டாம் வருஷம் பாதியில் கனகராஜ் கடைக்கு வந்து, வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே சொன்னான்: பலகையில் இருக்கும் பட்டத்தை அழித்தால்தான் இனிக் காலேஜுக்குப் போவேன்.

அழித்தால் பஞ்சாட்சரம் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். அய்யாதுரைக்கு உடம்பு பற்றி எரிந்தது.

"ஏல, நாலு பய சிரிச்சான்னு ஓடியாந்தியா? நான் வெயில்ல கூவி வித்தப்ப சிரிக்காதவன் எவன்ல?"

"நீங்க வித்தது பாத்திரம். என்னைய எதுக்கு விக்கிறீங்க?"

பளாரென்று அறை விழுந்தது. கனகராஜ் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. படியிறங்கித் தெருவைக் கடந்து, பஞ்சாட்சரத்திடம் வேலை கேட்டான். அந்த ஆள் வாயெல்லாம் பல்லாக அவனை வாசலிலேயே நிறுத்தி, அண்டா விற்கச் சொன்னான்.

அய்யாதுரை கபாலிக்கு ஆள் அனுப்பினார். அவன் பெயின்ட் டப்பாவோடு வந்து ஏணியில் ஏறினான்.

"இன்னா மொதலாளி, பட்டத்த அழிச்சிர்லாமா?"

"பட்டம் கெடக்கட்டும். பேரை அழி."

"அப்பால அங்க யாரு பேர எழுதறது?"

அய்யாதுரை எதிர்க்கடைக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"எளையவன் பொன்ராஜ். எட்டாங்கிளாஸ் படிக்கான். எழுது."