சிவப்புப் பிடி

அந்தக் குழாயின் பிடி சிவப்பு. ஒரு விரல் நீளம்கூட இருக்காது. இத்தனை வருடம் கழித்தும் என் கைக்கு அது மறக்கவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு நாள் காலை, சூலூர்ப் பக்கம் எங்கள் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கிளம்பி மேலேறி வந்த ஒரு சின்ன விமானத்தின் சத்தம் தலைக்கு மேலே சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் காட்டின் கடைசியில் விழுந்துவிட்டது. ஓடினேன். உள்ளே ஒரே ஆள், இளம் பையன், கட்டிய வாரோடு தலை தொங்கிக் கிடந்தான். மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சில்லை. அவன் கால்மாட்டில் இருந்த குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. பிடியைத் திருப்பினேன், நின்றுவிட்டது. யோசித்துச் செய்ததில்லை. ஆயிரம் அடி துளைத்தும் தண்ணீர் வராமல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் எங்களுடையது. சொட்டுகிற குழாயைக் கண்டால் யார் வீடாக இருந்தாலும் மூடிவிட்டுத்தான் நகருவோம்.

விசாரணை அதிகாரி சென்னையிலிருந்து மறுநாள் வந்தார். ஒரு கடலைச்செடியைக்கூட மிதிக்காமல் வரிசைகளுக்கு நடுவே பார்த்துக் கால் வைத்து நடந்தார். அதனாலேயே அவர் மேல் எனக்கு மரியாதை. அதற்குள் கூட்டத்தில் யாரோ தகரத்துண்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள் என்று போலீஸ் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தது. என்னிடமும், எதையாவது தொட்டீர்களா என்று அவர் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"அடுத்தவங்க பொருள்ல கை வெக்கற குடும்பமில்லீங்க நாங்க."

எழுதிக்கொண்டு, கைநாட்டு வைக்க மசிப் பெட்டியை நீட்டினார். எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் என் பேர்தான். பேனாவை வாங்கி நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன். "எங்க என்ஜினியர் கையெழுத்தைவிட நல்லா இருக்கும்மா" என்று சிரித்தார். அன்றைக்கு முழுவதும் அந்தப் பெருமையில் இருந்தேன்.

காரியம் முடிந்து பையனின் அப்பா கோபியிலிருந்து வந்தார். மகன் விழுந்த இடத்தில் பால் ஊற்றினார். அதிகாரி அவரிடம் மெதுவாகச் சொன்னார். பெட்ரோல் குழாய் மூடியிருந்தது. திறக்க மறந்து கிளம்பியிருக்கிறான். குழாயில் மிச்சமிருந்தது தீர்ந்ததும் என்ஜின் நின்றிருக்கிறது.

"மொபட்டை எடுத்தாலே பெட்ரோல் குழாயத் திருப்பிப் பாத்துட்டுத்தானுங்க கிளம்புவான்" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, மொதல்ல போனது நீங்கதானாமா. நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். போலீஸ்காரர், ஊர்க்காரர் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் பொய்க்காரியாக என்னால் முடியவில்லை.

அதன்பின் சோறு இறங்கவில்லை. உடைந்த விமானத்தை லாரியில் ஏற்ற அதிகாரி கடைசியாக வந்த அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். "அந்தப் பெரியவருக்காகச் சொல்றீங்க. உங்க நல்ல மனசு புரியுதும்மா" என்றார். சாமி சத்தியமாக என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பஸ் ஏறி கோபிக்கும் போனேன். மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த அப்பா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கோபப்படுவார், நாலு வார்த்தை திட்டுவார் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க அம்மணி. எம் பையன் மறந்துபோட்டானுங்க."

நான் சொன்ன பொய்யை ஒரே பேச்சில் நம்பினார்கள். நிஜத்தை ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. பையனின் அப்பாவும் அப்படியே நம்பிப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டிலேயே குழாயில் தண்ணீர் வருகிறது. நேற்று சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "ஏனுங்க அத்தை, பக்கத்துலயே உக்காந்திருக்கறீங்க, ஒரு திருகு திருகக் கூடாதுங்களா?" என்று மருமகள் உள்ளிருந்து கேட்டாள்.

கையை நீட்டினேன். விரல் பிடியில் பட்டதும் எடுத்துக்கொண்டேன். அவளே வந்து மூடும்வரை அது சொட்டிக்கொண்டிருந்தது.