அவருக்கு வாய்த்த பிரதிவாதி

வஞ்சியூர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவரை ஒரே ஒருமுறை சந்தித்தேன். சாலைக் கடைத்தெருவின் நாஞ்சில் நாட்டு வியாபாரி. பருத்த உடல், நெற்றி நிறையச் சந்தனம். மடியிலிருந்த மகனின் துவண்ட வலக்கை விரல்களை, பேசும்போதெல்லாம் ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கியபோது டாக்டர் தலையைப் பிடித்து இழுத்ததில் நரம்பு அறுந்துவிட்டதாம். அந்த டாக்டர்மீது வழக்குத் தொடுத்திருந்தார்.

என் மகளின் கையும் அவ்வாறே தொங்கியது. கரமனை வீட்டில் அவளை இழுத்தெடுத்த மருத்துவச்சியின்மீது வழக்கிட வந்த என்னிடம் வக்கீல் கைவிரித்துவிட்டார். கை அசையாததைக் கண்டும், சரியாகிவிடும் என்று நம்பி, வழக்கப்படி மருத்துவச்சிக்குப் புடவை கொடுத்தவன் நான்தான்.

“மரியாதை பண்ணிட்டு இப்போ குத்தம்னா கோர்ட்டு நம்புமா ஓய்?” என்றார் வக்கீல்.

இதை வியாபாரியிடம் சொல்லிவிட்டு, “உம்ம கேஸ் ஜெயிக்குமா?” என்று கேட்டேன்.

“தோத்தாலும் போட்டும் சாமி. கூண்டுல ஏத்தி, ‘எதுக்குய்யா இப்படி இழுத்தே’ன்னு கேக்க வைப்பேன்லா? நீங்க யாருட்ட கேப்பிய?”

சேவகன் அவர் வழக்கைக் கூவி அழைத்தான். மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

தீர்ப்பு என்னவாயிற்று என்று அறியேன். அவர் தோற்றிருக்கவேண்டும் என்று பலமுறை விரும்பியிருக்கிறேன்.